பிழைத்த தாய்மார்கள் கணக்கில் இல்லை

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை, அதற்கு எதிரே உள்ள சப்தர்ஜங் மருத்துவமனை ஆகியவற்றின் வெளியே நடைபாதைகளில் பிகார், உத்தரப் பிரதேச கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளும் உறவினர்களும் இரவைக் கழிப்பது தலைநகரவாசிகளுக்குப் பழகிப்போன காட்சி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் நாடாளுமன்றம். பெண்களின் பேறுகால நலம் குறித்து அவையில் கேள்வி எழும்போதெல்லாம் அமைச்சர்களின் பதில் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைகிறது. பிரசவத்தில் இறப்போர் விகிதம் குறைந்திருக்கிறது. மருத்துவமனைப் பிரசவம் உயர்ந்திருக்கிறது. இன்னின்ன திட்டங்கள் நடைமுறையில் உள்ளன என்பதே அந்தப் பதில்.

அந்தப் பதில் பொய்யல்ல. 2004-06இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 254 தாய்மார்கள் இறந்தனர். 2018-20இல் அது 97ஆகக் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவம் 2005-06இல் நூற்றுக்கு 39. 2019-21இல் நூற்றுக்கு 89. பேறுகால உதவித் தொகை வழங்கும் ஜனனி சுரக்ஷா திட்டம் 2005 ஏப்ரலில் தொடங்கப்பட்ட பிறகு நிகழ்ந்த இந்த மாற்றத்தை எந்தக் கட்சியும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால், இந்தக் கணக்கில் இடம்பெறாத பெண்கள் உண்டு. பிரசவத்தில் இறக்காமல் பிழைத்து, அந்தப் பிரசவம் தந்த காயத்துடன் வாழ்நாளைக் கழிப்பவர்கள் அவர்கள். சிறுநீர் ஓயாமல் கசிகிறது, கருப்பை இறங்கிவிடுகிறது, ஆசனவாய் வரை தசை கிழிந்து சரியாகத் தைக்கப்படாமல் போகிறது. பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் 20 முதல் 30 பெண்கள் இத்தகைய பாதிப்புகளுடன் பிழைக்கிறார்கள் என்று சர்வதேச சுகாதார அமைப்புகள் நீண்டகாலமாகக் கூறி வருகின்றன. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் பேறுகால இறப்புகள் சுமார் 24,000. குறைந்த அளவான 20 என்பதைக் கொண்டு பெருக்கினாலும், அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பெண்கள்.

இவர்களுக்கென்று தில்லியில் ஒரு திட்டம் இல்லை என்பதைவிட, இவர்களைப் பற்றிய ஒரு கணக்கே இல்லை என்பதுதான் முதல் பிரச்னை.

48 மணி நேரத்துக்குப் பிறகு...

ஃபிஸ்டுலா எனப்படும் பாதிப்பு எப்படி ஏற்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அரசின் கவனம் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதும் புரிந்துவிடும். இடுப்பெலும்பு குறுகிய பெண்ணுக்குக் குழந்தை வெளிவர முடியாமல் ஒரு நாள், இரண்டு நாள் என்று பிரசவ வலி நீடிக்கிறது. குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. ரத்த ஓட்டம் நின்று அந்த இடத்தின் திசுக்கள் அழுகுகின்றன. சில நாள்கள் கழித்து அந்த இடத்தில் துளை விழுகிறது. அன்று முதல் சிறுநீர் நிற்பதில்லை. பெரும்பாலும் குழந்தையும் தங்குவதில்லை. ஒரே வாரத்தில் அந்தப் பெண் பிள்ளையையும் இழக்கிறார், தன் உடலின் மீதிருந்த கட்டுப்பாட்டையும் இழக்கிறார். துர்நாற்றம் காரணமாகக் கணவர் வீட்டிலிருந்து அனுப்பப்படுவதும், தனிக் குடிசையில் ஒதுக்கப்படுவதும் அதற்குப் பிறகு நடப்பவை.

குறுகிய இடுப்பு என்பது தலைவிதி அல்ல. சிறுவயதில் சத்துணவு கிடைக்காத, உடல் முழுமையாக வளரும் முன்பே மணம் முடித்து வைக்கப்பட்ட பெண்ணுக்கே அந்த ஆபத்து அதிகம். பிகாரில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 41 பேருக்கு 18 வயது நிறையும் முன்பே திருமணம் நடந்திருந்ததாக 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு கூறுகிறது.

இனி அரசின் நடைமுறையைப் பார்ப்போம். சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரம் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகு 2011 ஜூனில் அறிமுகமான ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி வாகனம் அந்தத் தாயை இலவசமாக வீட்டில் கொண்டுபோய் விடுகிறது. பிரசவத்துக்குப் பின் இரண்டு நாள்களுக்குள் மருத்துவப் பணியாளரின் கவனிப்பு கிடைத்ததா என்று குடும்ப நல ஆய்வு கேட்கிறது. நூற்றுக்கு 78 பேர் கிடைத்ததாகக் கூறியிருக்கிறார்கள். ஆனால் துளை விழுவதும் கசிவு தொடங்குவதும் பெரும்பாலும் அந்த இரண்டு நாள்களுக்குப் பிறகுதான். கருப்பை இறக்கமோ வாரங்கள், மாதங்கள் கழித்தே தெரிய வருகிறது. ஆபத்து தொடங்கும் வேளையில் அரசின் பார்வை முடிந்துவிடுகிறது.

அந்த ஐந்தாவது ஆய்வின் தேசிய அறிக்கைச் சுருக்கத்தில் 131 குறியீடுகள் உள்ளன. சமையல் எரிபொருள் முதல் ரத்தச் சர்க்கரை வரை அனைத்தும் உண்டு. சிறுநீர்க் கசிவுக்கோ கருப்பை இறக்கத்துக்கோ அதில் ஒரு வரி கிடையாது. தில்லியில் நிதி ஒதுக்கீடு எண்களைப் பார்த்தே நடக்கிறது. எண்ணே இல்லாத நோய்க்கு எந்த அமைச்சகம் நிதி கேட்கும்?

கட்சிரோலி சொன்ன பாதி, கேட்காத பாதி

இந்த உண்மை எவருக்கும் தெரியாமல் போய்விடவில்லை. 1986இல் மகாராஷ்டிரத்தின் பழங்குடி மாவட்டமான கட்சிரோலியில் 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கிய மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் தம்பதியினர், இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தனர். நூற்றுக்கு 92 பேருக்கு மகளிர் நோய் ஏதேனும் ஒன்று இருந்தது. அதற்கு முன் அத்தகைய பரிசோதனையைச் செய்துகொண்டவர்களோ நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. 1989 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. 2004இல் வெளியான இவர்களது மற்றோர் ஆய்வு, வீட்டில் பிரசவித்த 772 பெண்களைப் பின்தொடர்ந்து, பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பிரசவத்தின்போதோ அதற்குப் பிந்தைய வாரங்களிலோ உடல் பாதிப்பு ஏற்பட்டதைக் காட்டியது. பிரசவ நேரத்தைவிட அதற்குப் பிந்தைய நாள்களிலேயே பாதிப்புகள் அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

இதே கட்சிரோலியில்தான், பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் வீடு தேடிச் சென்று பச்சிளம் குழந்தைகளைக் காப்பாற்றும் முறையும் உருவானது. அதை மத்திய அரசு 2011இல் தேசியத் திட்டமாக ஏற்றது. அதன்படி ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்குச் செல்கிறார். அதற்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் அந்த வருகைகள் குழந்தையை மையமாகக் கொண்டவை. தாயிடம் காய்ச்சல், உதிரப்போக்கு, பால் சுரப்பு ஆகியவை பற்றிக் கேட்கப்படுகிறது. சிறுநீர் கசிகிறதா, உட்காரும்போது கீழே ஏதோ இறங்கி வருவதுபோல் இருக்கிறதா என்ற கேள்விகள் அந்த வருகையின் கட்டாயக் கடமையாக இல்லை.

ஆக, கட்சிரோலி சொன்ன இரண்டில் குழந்தை பற்றிய பாதியைத் தில்லி கேட்டுக்கொண்டது. தாய் பற்றிய பாதியைக் கேட்காமல் விட்டுவிட்டது.

தமிழகம் விலக்கல்ல

இது வடமாநிலங்களின் பிரச்னை என்று தமிழக வாசகர்கள் ஒதுங்கிவிட முடியாது. மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ முழுமை அடைந்த மாநிலம் தமிழகம். 24 மணி நேரமும் செவிலியர் பணியாற்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் நாட்டுக்கே முன்னுதாரணங்கள். நீடித்த பிரசவ வலியால் ஏற்படும் துளைகள் இங்கு அரிதாகிவிட்டன என்பதும் உண்மையே.

ஆனால் 'அடி இறக்கம்' என்று கிராமத்துப் பெண்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் கருப்பை இறக்கம் அப்படி மறைந்துவிடவில்லை. 1981இல் செங்கல்பட்டுப் பகுதியில் தலித் பெண்களைக் கொண்டு தொடங்கப்பட்ட கிராமப்புறப் பெண்கள் அமைப்பான 'ருவ்செக்' சார்பில், டி.கே. சுந்தரி ரவீந்திரனும் அவரது சக ஊழியர்களும் இந்தப் பெண்களின் அனுபவங்களைத் திரட்டி 1999இல் வெளியிட்டனர். ஆண்டுக்கணக்கில் நோயைச் சகித்துக்கொண்டு, வயல் வேலையையும் வீட்டு வேலையையும் விடாமல் செய்த பெண்களின் கதை அது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் இறங்கி நடக்கக்கூடாது என்பது நம் வீடுகளில் பாட்டிமார் வகுத்த விதி. பத்தியமும் காய மருந்தும் அந்த ஓய்வோடு சேர்ந்தவைதான். ஆனால் அன்றாடக் கூலியில் வாழும் பெண்ணுக்கு அந்த விதி எட்டாத ஆடம்பரம். பிரசவித்த சில நாள்களில் தண்ணீர்க் குடமும் புல் கட்டும் தலையில் ஏறிவிடுகின்றன.

தமிழகத்தின் இன்னொரு எண்ணும் எச்சரிக்கை தருகிறது. 2019-21 ஆய்வின்படி இங்கு நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 45 அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. உயிர்காக்கும் இந்தச் சிகிச்சை அவசியமானபோது அவசியமே. ஆனால் சிறுநீர்ப்பையில் காயமும் துளையும் அறுவைச் சிகிச்சையாலும் ஏற்படக்கூடும். மருத்துவமனைக்கு வந்துவிட்டாலே காயம் இல்லை என்று கணக்கை முடித்துவிட இயலாது.

கருப்பையை எடுத்துவிடு!

காலத்தில் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பெண் தனியார் மருத்துவமனைக்குச் செல்கிறார். அவருக்குச் சொல்லப்படும் வழி பெரும்பாலும் ஒன்றே: கருப்பையை எடுத்துவிடுங்கள். தொடக்கநிலை இறக்கத்துக்குத் தசைப்பயிற்சி உண்டு. கருப்பையைத் தாங்கும் வளையம் உண்டு. இவற்றின் செலவு குறைவு. ஆனால் இவற்றைச் சொல்லித்தர கிராமத்தில் ஆள் இல்லை.

2008இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாக 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. அதன் மீது 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் செயல்படுத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிடப்பட்டது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் கருப்பையை இழந்திருப்பது 2019இல் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அந்தப் பெண்கள் அறுவைச் சிகிச்சை மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்வியைப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், எவரும் கவனிக்காத வலியும், ஓய்வில்லாத உழைப்பும், பரிசோதனையே இல்லாத ஆண்டுகளும்தான் எதிர்ப்படும்.

அண்டை நாடு தரும் பாடம்

நேபாளத்தில் கருப்பை இறக்கம் பரவலான பிரச்னை. 2008 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பெண்களின் இனப்பெருக்க நல உரிமை சார்ந்த விஷயமாக அறிவித்து, நடவடிக்கை எடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. அரசும் இலவச அறுவைச் சிகிச்சை முகாம்களை நடத்தியது. ஆனால் இளவயதுத் திருமணம், பேறுகாலத்தில் சுமை தூக்குதல், குடும்பத்தில் பெண்ணுக்குப் பேச்சுரிமை இன்மை ஆகிய காரணங்களைத் தொடாமல் அறுவைச் சிகிச்சையை மட்டும் நம்பினால் போதாது என்று 2014இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு சுட்டிக்காட்டியது.

எத்தியோப்பியாவில் 1974இல் ஃபிஸ்டுலாவுக்கென்றே மருத்துவமனை நிறுவிய ரெஜினால்ட் - கேத்தரின் ஹாம்லின் தம்பதியினரின் அனுபவமும் இதையே சொல்கிறது. பல்லாயிரம் பெண்களுக்குத் துளையை அடைத்த அந்த நிறுவனம், 2007இல் மகப்பேற்றுச் செவிலியருக்கான கல்லூரியைத் தொடங்கியது. வந்த காயத்தை ஆற்றிக்கொண்டிருப்பது மட்டும் முடிவில்லாத வேலை என்பதை உணர்ந்ததன் விளைவு அது. 2013 முதல் ஆண்டுதோறும் மே 23ஐ ஃபிஸ்டுலா ஒழிப்பு தினமாக ஐ.நா. கடைப்பிடிக்கிறது.

சட்டம் தந்ததும் திட்டம் குறைத்ததும்

வருமுன் காப்பதில் முதலிடம் ஓய்வுக்கு என்றால், ஓய்வுக்கு விலை உண்டு. அந்த விலையை நாடாளுமன்றமே 2013இல் நிர்ணயித்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ரூ. 6,000க்குக் குறையாத பேறுகால உதவி உண்டு என்கிறது. அரசு ஊழியர்களும், வேறு சட்டங்களின் கீழ் அதே பலனைப் பெறுவோரும் மட்டுமே விலக்கு. எத்தனையாவது குழந்தை என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை.

நடந்தது என்ன? 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் ரூ. 5,000ஐ, அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும், தவணைகளில் தந்தது. மீதத்தை ஜனனி சுரக்ஷா உதவியோடு சேர்த்தால் சராசரி ரூ. 6,000 வரும் என்பது அரசின் விளக்கம். பின்னர், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ரூ. 6,000 என்று திட்டம் விரிவாக்கப்பட்டது. இரண்டாவதாக ஆண் பிள்ளை பெற்ற கூலிப் பெண்ணின் இடுப்புக்கு மட்டும் ஓய்வு தேவையில்லையா? 'மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உட்பட்டு' என்ற சொற்கள் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சட்டம் கொடுத்ததைச் செயல்படுத்தவே திட்டம், குறைப்பதற்கு அல்ல. 2013இல் ரூ. 6,000 வாங்கிய பொருளை இன்று அதே தொகை வாங்காது என்பதும் எவருக்கும் தெரிந்ததே. அதே 2017இல் மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்திய திருத்தத்தை எல்லோரும் பாராட்டினர். அந்தப் பலன் நிலையான பணியில் உள்ள பெண்களுக்கே சென்றது. வயலிலும் செங்கல் சூளையிலும் உழைப்பவர்களுக்கு அல்ல.

உரிமை என்ற கோணத்திலும் தலைநகரிலேயே ஒரு முன்மாதிரித் தீர்ப்பு இருக்கிறது. மகப்பேற்றுச் சிகிச்சை மறுக்கப்பட்டு இறந்த ஏழைப் பெண் ஒருவர், மரத்தடியில் குழந்தை பெற நேர்ந்த மற்றொருவர் ஆகியோர் தொடர்பான வழக்குகளில் 2010 ஜூன் 4 அன்று தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர், இனப்பெருக்க நலம் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தார். ஒரு மாநிலத்தின் வறுமைக்கோட்டு அட்டை வைத்திருப்பவருக்கு வேறு மாநிலத்தில் சலுகை மறுக்கப்படுவதையும் அவர் ஏற்கவில்லை. அந்த உரிமை பிரசவ வார்டின் வாசலோடு நின்றுவிடுகிறது என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை.

செய்ய வேண்டியவை

முதலில் இறப்பைத் தடுப்போம்; மற்றவை பிறகு என்ற வாதம் அதிகாரிகள் மட்டத்தில் உண்டு. 2030க்குள் இறப்பு விகிதத்தை 70க்குக் கீழ் கொண்டுவரும் இலக்கு முன்னால் நிற்கையில் அது நியாயமான வாதமாகவும் தோன்றும். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகள் அல்ல. நீடித்த பிரசவ வலியில் தவிக்கும் பெண்ணை உரிய நேரத்தில் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லும் வாகனமே அவரை இறப்பிலிருந்தும் காக்கிறது, துளையிலிருந்தும் காக்கிறது. மற்றவற்றுக்கும் பெரிய செலவு தேவையில்லை.

தேசிய குடும்ப நல ஆய்விலும் சுகாதார நிலையங்களின் மாதாந்திரப் பதிவேடுகளிலும் பிரசவக் காயங்களுக்கு இடம் வேண்டும். ஆஷா பணியாளரின் 42ஆம் நாள் வருகைக்கு ஏற்கெனவே பணம் தரப்படுகிறது. அதில் தாய்க்கான சில கேள்விகளைச் சேர்த்து, 'ஆம்' என்ற பதில் வந்தால் மருத்துவரிடம் அனுப்பும் பொறுப்பையும் வகுக்க வேண்டும். நீண்ட வலிக்குப் பிறகு பிரசவித்த பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாயைச் சில நாள்கள் கூடுதலாக வைத்திருந்தாலே சிறிய துளைகள் பல தாமாக மூடிக்கொள்ளும். இதை ஒவ்வொரு பிரசவ வார்டும் அறிந்திருக்க வேண்டும். துளை அடைப்பில் தேர்ந்த அறுவைச் சிகிச்சைக் குழு ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மருத்துவக் கல்லூரியிலாவது இருக்க வேண்டும். அங்கு வரும் பெண்ணுக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவும் இழந்த கூலியும் தரப்பட வேண்டும். இலவசச் சிகிச்சை என்று அறிவித்துவிட்டு, ரயில் கட்டணம் இல்லாததால் வர முடியாதவரை அலட்சியமாக இருந்தவர் என்று குறை கூறுவது நியாயமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2013இல் நாடாளுமன்றம் வாக்களித்த பேறுகால உதவி, குழந்தைக் கணக்குப் பார்க்காமல் முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அவையில் எவராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். மானியக் கோரிக்கை விவாதத்தில் இறப்பு விகிதத்தைப் பற்றி மட்டும் அல்லாமல், பிழைத்த தாய்மார்களில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டால், அமைச்சகம் பதிலைத் தேடியாக வேண்டும். தேடினால் எண்ணியாக வேண்டும். மகப்பேற்று நலத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் தமிழகத்திலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 உறுப்பினர்களுக்கு அந்தக் கேள்வியை எழுப்பும் தகுதி மற்ற எவரையும்விட அதிகம்.

ஓலைக் குடிசையின் ஓரத்தில், ஈரத் துணியை ஒரு நாளைக்குப் பத்து முறை அலசிக் காயப்போட்டுக்கொண்டு, தன் நோய்க்கு மருத்துவம் உண்டு என்பதையே அறியாமல் வாழும் பெண், அரசின் புள்ளிவிவரப்படி பாதுகாப்பாகப் பிரசவித்தவர். அந்தப் புள்ளிவிவரத்தைத் திருத்துவதில்தான் அவருக்கான சிகிச்சை தொடங்குகிறது.